பழைய தாடை, புது மெஷின்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. கதவோரம் நிற்பவரும் உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு குழாய்க்காரரின் கதை சொல்லப்போகிறேன். இதில் ராஜாவும் கிடையாது, பேயும் கிடையாது. ஆனாலும் நடுவில் ஓரிடத்தில் உங்களுக்கு மூச்சு நின்று வரும். பயந்த சுபாவம் உள்ளவர்கள் இப்போதே பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவரைப் பாம்புச்செவி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், அப்புறம் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். ஒரு வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே, "மாடியில ஒரு குழாய் சரியா மூடலை" என்பார். சுவரில் காதை வைத்து, எந்தச் செங்கல்லுக்குப் பின்னால் கசிகிறது என்று விரலால் தொட்டுக் காட்டுவார். உடைத்துப் பார்த்தால் அங்கேதான் ஈரம் இருக்கும்.

"எங்க வீட்ல ரகசியமே பேச முடியாது. மனசுக்குள்ள திட்டினாக்கூட 'என்ன சொன்னே?'ன்னு கேப்பாரு" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் வேலையில் இருந்தாள்.

குழாய்க்காரருக்குக் கூட்டாளி, அந்த மனைவியின் தம்பி. மச்சினனுக்கு நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். வாய் ஓயாது, கையும் ஓயாது. மச்சினன் அளந்து வெட்டுவான், குழாய்க்காரர் மாட்டி அமுக்குவார். இரண்டு பேரும் ஒரு பழைய வேனில் சாமான்களைப் போட்டுக்கொண்டு பல வருஷம் வேலை பார்த்தவர்கள்.

இந்த அமுக்குகிற வேலையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், அப்போதுதான் மற்றதெல்லாம் புரியும். இந்தக் காலத்து எஃகுக் குழாய்களை நெருப்பு வைத்து ஒட்டுவதில்லை. குழாயை ஒரு சாக்கெட்டுக்குள் செருகுவார்கள். சாக்கெட்டின் உதட்டுக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பிறகு பேட்டரியில் ஓடும் பிரஸ் மெஷினைக் கொண்டுவந்து, அதன் முனையில் மாட்டிய இரும்புத் தாடையால் அந்த உதட்டைக் கவ்வி நசுக்குவார்கள். நாய் எலும்பைக் கவ்வுகிற மாதிரி. தாடையின் இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று முட்டினால்தான் பிடி முழுசு. முட்டியதும் மெஷின் 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டுத் தாடையைத் தளர்த்திவிடும்.

அவருடைய பழைய மெஷின் பன்னிரண்டு வருஷம் உழைத்தது. அந்த டொக் கேட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம், ஒருநாளும் பொய் சொன்னதில்லை. குழாய் ஓடும் இடமெல்லாம் சந்து பொந்துதானே. கை போகும், தலை போகாது. அப்படிப்பட்ட இடத்தில் மற்ற குழாய்க்காரர்கள் ஒரு கண்ணாடித் துண்டைக் கம்பியில் கட்டி நீட்டி, தாடை முட்டியதா என்று பார்ப்பார்கள். இவர் பார்க்கமாட்டார். "காது இருக்கும்போது கண்ணாடி எதுக்கு?" என்பார்.

அந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலேயே அவருக்கு வேலை கிடைத்தது. வெந்நீர் போகிற பெரிய குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும். மனைவி வேலை பார்க்கும் இடம் என்பதால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பாதி வேலையில் பழைய மெஷின் உறுமிக்கொண்டே புகை விட்டு உயிரை விட்டது. அதே கம்பெனியில் புதிது வாங்க வேண்டுமானால் ஆர்டர் கொடுத்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். சலவைக்கூடம் அவ்வளவு நாள் தாங்காது.

மறுநாள் மச்சினன் கக்கத்தில் ஒரு பெட்டியோடு வந்தான்.

"மச்சான், கண்ண மூடுங்க."

"போடா. மெஷின் செத்த துக்கத்துல இருக்கேன்."

"துக்கத்துக்குத்தான் மருந்து கொண்டுவந்திருக்கேன். பாருங்க. விலையோ பாதிக்கும் பாதி. நம்ம பழைய தாடையவே மாட்டிக்கலாம். பெட்டியிலயே போட்டிருக்கான், எல்லாக் கம்பெனித் தாடையும் பொருந்தும்னு."

குழாய்க்காரர் கையில் தூக்கிப் பார்த்தார். "என்ன மாப்ளே, பொம்மை மாதிரி இருக்கு. கனமே இல்லையே."

"கனமா இருந்தாத்தான் ஒழைக்குமா? நீங்ககூட ஒல்லிதான். அக்கா உங்கள வெச்சுக் காலந்தள்ளலையா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய தாடையை எடுத்துப் புது மெஷினில் பொருத்தினார். சொந்த வீட்டுப் பூட்டில் சாவி நுழைகிற மாதிரி நுழைந்தது. ஒரு சின்னக் குழாய்த் துண்டை வைத்து அமுக்கினார். தாடை முட்டியது. டொக். அதே சத்தம். பழைய மெஷின் வேறு உடம்பில் வந்து பிறந்த மாதிரி இருந்தது அவருக்கு.

"குழாயத் தொடறது தாடைதானே மாப்ளே. தாடை நல்ல கம்பெனி. பின்னாலேர்ந்து தள்றவன் யாரா இருந்தா என்ன?" என்றார்.

இந்தப் பேச்சைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கும் முதலில் கேட்டபோது சரியென்றுதான் பட்டது.

மூன்று நாளில் மீதி வேலையை முடித்தார்கள். துணி மடிக்கும் நீள மேசைக்கு நேர் மேலே, உத்தரத்தை ஒட்டி, பெரிய குழாயில் பதினாலு இணைப்புகள் வந்தன. கீழிருந்து பார்த்தால் குழாயும் சாக்கெட்டும் தெரியும். ஆனால் தாடை முட்டுகிற இடம் மேல் பக்கம், உத்தரத்துக்கும் குழாய்க்கும் நடுவே நாலு விரல் சந்தில். குழாய்க்காரர் ஏணியில் நின்று, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் மேலே விட்டு அமுக்கினார். டொக். அடுத்தது. டொக். அடுத்தது.

செருகுவதற்கு முன்னால் ஒவ்வொரு குழாயிலும் கறுப்பு மையால் ஒரு கோடு போடுவது அவர்கள் வழக்கம். குழாய் முழுசாக உள்ளே போனால் அந்தக் கோடு சாக்கெட்டின் உதட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மச்சினன் கீழே நின்று ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். வேலை முடிந்ததற்கு அத்தாட்சி.

பிறகு பச்சைத் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, ஒரு நாள் முழுக்க விட்டார்கள். அழுத்தம் காட்டும் கேஜின் முள் அசையவில்லை. ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. குழாய்க்காரர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை வெந்நீர் விட்டுப் பார்க்கிற நாள்.

சலவைக்கூடத்துக்குப் பொறுப்பான அம்மாவுக்கு வெண்கலத் தொண்டை. அவர் வராந்தாவில் தும்மினால் மூன்றாவது மாடியில் கேட்கும். வெந்நீர் ஏறுகிற நேரம் மட்டும் மேசையைக் காலி பண்ணலாமா என்று யாரோ கேட்டதற்கு, "ஆபரேஷன் தியேட்டர்ல துணிக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க. கையெழுத்துப் போட்டாச்சு, டெஸ்ட் பாஸாயிடுச்சு. கை வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டார்.

ஒன்பது பெண்கள் அந்த மேசையில் வேலை பார்த்தார்கள். பெரிய படுக்கை விரிப்புகளை ஒருத்தி மடிக்க முடியாது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, உதறி, எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டும். குழாய்க்காரரின் மனைவிக்கு எதிர் முனை எப்போதும் கண்ணாடிக்காரிதான். தடித்த கண்ணாடி போட்ட விதவை, மூன்று பிள்ளைகள். அடுத்த ஜோடியில் ஒருத்தியை நெட்டை என்று கூப்பிடுவார்கள்.

குழாய்க்காரர் கதவருகில் அண்ணாந்து நின்றார்.

"உன் வீட்டுக்காரரு வந்ததிலேர்ந்து கூரையையே பாக்கறாரு. உன் பக்கம் திரும்பவே மாட்டேங்கறாரே" என்றாள் நெட்டை.

"அவரு குழாயத்தான் கட்டிக்கிட்டாரு. நான் சும்மா சமையலுக்கு" என்றாள் மனைவி. மேசை முழுக்கச் சிரிப்பு.

பாய்லரில் சூடு ஏற ஆரம்பித்தது. குழாய் சூடானால் நீளும். நீளும்போது தாங்கிகளில் உரசி டிக், டிக் என்று பேசும். அது ஆரோக்கியமான சத்தம். குழாய்க்காரர் ஒவ்வொரு டிக்கையும் தலையாட்டி வழியனுப்பிக்கொண்டிருந்தார். தன் பிள்ளை மேடையேறிப் பேசுவதைக் கேட்கிற தகப்பன் மாதிரி.

அப்போது ஒரு சத்தம் வந்தது. டிக் இல்லை. மணலில் யாரோ நாற்காலியை ஒரு நூலளவு இழுத்த மாதிரி. ஸ்ர்ர்.

அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. மெஷின்கள் சுற்றுகின்றன, பெண்கள் பேசுகிறார்கள். ஆனால் அவருக்குக் கேட்டது. மேசைக்கு மேலே, மூன்றாவது இணைப்பிலிருந்து. தனக்குத் தெரியாத ஒரு சத்தத்தை அவர் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். வேனில் மச்சினன் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"மாப்ளே, பெரிய குழாய்த் துண்டு ஒண்ணு எடு. ஒரு சாக்கெட்டும் எடு."

"எதுக்கு மச்சான்? அதான் எல்லாம் முடிஞ்சுதே."

"எடுடான்னா."

வேனின் பின்கதவைத் திறந்து, நல்ல வெயில் வெளிச்சத்தில் அதைப் பிடித்து, மெஷினை வைத்து அமுக்கினார். டொக். தாடை தளர்வதற்குள் மெஷினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

தாடையின் இரண்டு முனைகளும் முட்டவில்லை. நடுவில் இடைவெளி இருந்தது. மெஷின் வாங்கிய கடையின் கார்டு அந்தப் பெட்டிமேல் கிடந்தது. அதை எடுத்து இடைவெளியில் நுழைத்தார். தடையில்லாமல் போய், மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

"பேட்டரி கம்மியா இருக்கும் மச்சான்." மச்சினன் குரல் இறங்கிவிட்டது. புது பேட்டரியை மாட்டினான். மறுபடி அமுக்கினார். டொக். மறுபடியும் கார்டு போய் வந்தது.

மச்சினன் பெட்டிக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான். அதுவரை அதை யாரும் பிரித்ததில்லை. பெட்டிமேல் கொட்டை எழுத்தில் இருந்தது, எல்லாத் தாடைகளும் பொருந்தும் என்று. காகிதத்தில் பொடி எழுத்தில் இருந்தது, பிற கம்பெனித் தாடைகளைப் பெரிய அளவில் பயன்படுத்தும்போது அவை முழுவதும் மூடுகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளவும் என்று.

அவருக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. பழைய மெஷினுக்கு இருந்த பலம் இதற்கு இல்லை. அது தாடை முட்டிய பிறகுதான் கை விடும். இது, தன் பலம் எங்கே தீர்ந்ததோ அங்கேயே கை விட்டுவிடும். சின்னக் குழாயில் முட்டுகிறவரை பலம் போதும். பெரியதில் போதாது. ஆனால் இரண்டு மெஷினும் கை விடும்போது போடுகிற சத்தம் ஒன்றுதான். பச்சைத் தண்ணீரில் ரப்பர் வளையம் எப்படியோ தாக்குப்பிடித்துவிட்டது. சூட்டில் குழாய் நீண்டு வளைந்து சாக்கெட்டிலிருந்து உருவிக்கொள்ளப் பார்க்கும்போது பிடித்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை.

"பதினாலும் இப்படித்தான் இருக்கும்" என்றார். "நீ ஓடிப்போய் அந்தம்மாவக் கூட்டிட்டு வா. மேல கூட்டத்துல இருக்காங்க. ஓடு."

அவர் பாய்லர் அறைக்கு ஓடினார். பாய்லர்காரர் நிதானமான மனிதர், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"எவ்வளவு இருக்குங்க?"

"அறுபத்திரெண்டு டிகிரி. எண்பதுக்குப் போகணும்."

"நிறுத்துங்க. தண்ணிய மூடுங்க."

"அம்மா சொல்லணும்."

"அம்மா வர்றதுக்குள்ள ஏதாவது ஆயிடும்ங்க."

"நேத்து நீங்கதானே சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தீங்க? உங்க பேச்சக் கேட்டுத்தான் ஏத்தறேன். இப்ப உங்க பேச்சக் கேட்டே எறக்கினா நாளைக்கு என் வேலைக்கு யாரு பதில் சொல்றது? அம்மா வரட்டும்."

முள் அறுபத்துமூன்றைத் தொட்டது.

சலவைக்கூடத்துக்குத் திரும்பி ஓடினார். ஓடுகிறபோது ஒரு மனிதனுக்குள் என்னவெல்லாம் ஓடும் என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷமாகச் சேர்த்த பேர் ஓடியது. தப்பு என்று வாயைத் திறந்து சொன்னால் இனி இந்த ஊரில் எவன் பாம்புச்செவியைக் கூப்பிடுவான் என்று ஓடியது. ஒருவேளை ஒன்றும் ஆகாமல் எண்பதைத் தாண்டிவிட்டால், பிறகு மெதுவாக, காதும் காதும் வைத்தாற்போல ஒவ்வொன்றாக மாற்றிவிடலாமே என்றும் ஓடியது. அவரைத் திட்டாதீர்கள். நமக்கும் ஓடும்.

கதவில் நின்று மூச்சு வாங்கினார். மனைவியும் கண்ணாடிக்காரியும் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்திருந்தார்கள். மூன்றாவது இணைப்பு கண்ணாடிக்காரியின் தலைக்கு நேர் மேலே இருந்தது. அதிலிருந்து நாலு முழம் தள்ளி மனைவி.

அவர் மனைவியின் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் சொன்னார். "கொஞ்சம் வெளிய வா. வீட்லேர்ந்து போன்."

"எந்த வீட்லேர்ந்து? நம்ம வீட்டப் பூட்டிட்டுதானே வந்தோம்?"

"வாயேன். சொல்றேன்."

"என்னங்க, மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்கு?"

அவர் கண் தன்னையறியாமல் மேலே போய்விட்டது. அவள் அந்தக் கண்ணைப் பார்த்தாள், பிறகு அது போன இடத்தைப் பார்த்தாள். கட்டின புருஷன் முகம், எத்தனை வருஷம் படித்திருப்பாள்!

"குழாயா?" என்றாள், உதடு மட்டும் அசைய.

அவர் தலையசைத்தார்.

"எல்லாருக்கும் சொல்லப்போறீங்களா, என்னை மட்டும் கூப்பிடறீங்களா?"

மேலே டிக், டிக் என்றது. அவள் கையிலிருந்த துணியை விடவில்லை.

"சத்தமா சொல்லுங்க" என்றாள். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. சொன்னாத்தான் நான் இங்கேர்ந்து நகருவேன்."

"அடியே, நேரமில்ல."

"அப்ப சீக்கிரம் சொல்லுங்க."

ஸ்ர்ர்.

இந்தத் தடவை சத்தம் கொஞ்சம் நீளமாக வந்தது.

"துணியப் போடுங்க!" குழாய்க்காரர் கத்தினார். அவர் குரல் அவ்வளவு பெரிசு என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். "எல்லாரும் வெளிய போங்க! இந்தக் குழாய நான்தான் அமுக்கினேன். சரியா அமுக்கல. மெஷின் ஏமாத்திடுச்சு... இல்ல, நான்தான் பாக்காம விட்டேன். எந்த நிமிஷமும் கழண்டுக்கும். போங்க!"

ஒரு கணம் யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு விரிப்புகள் தரையில் விழுந்தன. தள்ளுவண்டி ஒன்று இடித்துக்கொண்டு கவிழ்ந்தது. "வெந்நீர்க் குளியல்னா நான் வீட்லயே குளிச்சுக்கறேன்!" என்று ஓடிக்கொண்டே சொன்னாள் நெட்டை. மனைவி கண்ணாடிக்காரியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைசியாக வெளியே வந்தாள். கதவருகில் இருந்த சுவிட்சை அமுக்கிக் குழாய்க்காரர் மெஷின்களை நிறுத்தினார். கூடம் அமைதியானது. மேலே குழாய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

வராந்தாவில் ஒன்பது பெண்களும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். ஐந்து நிமிஷம் போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. பத்து நிமிஷம். ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் படியிலிருந்து வெண்கலத் தொண்டை இறங்கி வந்தது. பின்னாலேயே மூச்சிரைக்க மச்சினன்.

"யாரக் கேட்டு வேலைய நிறுத்தினீங்க?"

"நான்தான்மா" என்றார் குழாய்க்காரர். "பாய்லர நிறுத்தச் சொல்லுங்க. இணைப்பு பிடிக்கல."

"நேத்து சரின்னு கையெழுத்து. இன்னிக்குத் தப்புன்னு கூச்சல். நான் எதை நம்பறது?"

"இன்னிக்குச் சொல்றத நம்புங்கம்மா."

"ஒரு சொட்டு தண்ணி விழுந்திருக்கா? காட்டுங்க."

"விழல. சத்தம் கேட்டுச்சு."

"சத்தம்!" அந்த அம்மா பெண்களைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு யாருக்காவது கேட்டுச்சா?"

யாரும் வாய் திறக்கவில்லை. பொய் சொல்ல முடியுமா? கேட்கவில்லைதானே. அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி, "என் செருப்பு உள்ள இருக்கு, எடுத்துட்டு வந்துடறேன்" என்று முனகினாள். இன்னொருத்தி, பத்து நிமிஷமா ஒண்ணும் ஆகலையே என்றாள். பயம் மெல்ல மெல்ல வெட்கமாக மாறிக்கொண்டிருந்தது. அதுதான் ஆபத்து, கண்ணுகளா. வெட்கப்பட ஆரம்பித்தவர்கள் திரும்பி உள்ளே போய்விடுவார்கள்.

"நானே போய்ப் பாக்கறேன்" என்று பொறுப்பாளர் அம்மா கதவை நோக்கி நடந்தார்.

குழாய்க்காரரின் மனைவி கதவின் குறுக்கே போய் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

"தள்ளு."

"மாட்டேம்மா."

"நீ என்கிட்ட வேலை பாக்கறவ, ஞாபகம் இருக்கட்டும்."

"அதனாலதாம்மா மறிக்கறேன். வேற யாராவதா இருந்தா போகட்டும்னு விட்டிருப்பேன்."

பாய்லர் அறையிலிருந்து குரல் வந்தது. "எழுபத்தொண்ணு!"

மச்சினன் அதுவரை பேசாமல் நின்றிருந்தான். அவன் அவ்வளவு நேரம் பேசாமல் நின்றதை அக்கா பார்த்ததே இல்லை. திடீரென்று சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தான்.

"அம்மா, ஒரு நிமிஷம். வேலை முடிஞ்ச அன்னிக்கு எடுத்த படம் இது. மூணாவது இணைப்பு. இந்தக் கறுப்புக் கோடு பாருங்க, உதட்டோட ஒட்டி இருக்கா?"

"இருக்கு. அதனால?"

அவன் அக்காவின் கைக்கு அடியில் குனிந்து, கதவுக்கு வெளியிலிருந்தே போனை நீட்டி, படத்தை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி எடுத்தான். காட்டினான். கறுப்புக் கோடு உதட்டை விட்டு விலகியிருந்தது. நடுவில் கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்குப் பளபளப்பான எஃகு. சாக்கெட்டுக்குள் மறைந்திருக்க வேண்டிய எஃகு.

பொறுப்பாளர் அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டார். இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இன்னொண்ணு எடு" என்றார்.

எடுத்தான். அந்தப் பளபளப்பு இன்னும் ஒரு மயிரிழை கூடியிருந்தது.

அடுத்த நொடி அந்தத் தொண்டை வேலை செய்தது. "பாய்லர நிறுத்து! தண்ணிய மூடு! அழுத்தத்த எறக்கு! இப்பவே!" என்று அவர் போட்ட சத்தத்தில் வராந்தா ஜன்னல்கள் அதிர்ந்தன. பாய்லர்காரர் வாழ்க்கையில் முதல்தடவையாக ஓடினார் என்று பிறகு சொன்னார்கள்.

வால்வு மூடுகிற ஓசை. வடிகாலில் தண்ணீர் திறந்துவிடப்பட்டு ஆவி பறக்கப் பாயும் ஓசை. குழாய்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் இறங்க இறங்க ஒவ்வொரு இணைப்பாக மனதுக்குள் எண்ணினார். மூன்றாவதைத் தாண்டியபோது தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சூடு தணிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, அவரே ஏணியை வைத்து ஏறினார். மூன்றாவது இணைப்பில் குழாயை இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருகுத் திருகி இழுத்தார். இளைத்த விரலிலிருந்து மோதிரம் கழல்கிற மாதிரி குழாய் கையோடு வந்துவிட்டது. மிச்சமிருந்த தண்ணீர் ஒரு சொம்பளவு கொட்டியது. கீழே, கண்ணாடிக்காரி நின்ற இடத்தில், பாதி மடித்த விரிப்பின்மேல் விழுந்து இன்னும் லேசாக ஆவி விட்டது.

கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை இப்படி?" என்றார் பொறுப்பாளர் அம்மா.

"பதினாலும்."

"அத்தனையும் வெட்டி எடுங்க. வெட்டறது நீங்க. மறுபடி போடறது வேற ஆளு."

"சரிம்மா."

மச்சினன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். குழாய்க்காரர் அவன் தோளில் கை வைத்தார், அவன் அடங்கிவிட்டான். மாலை வரைக்கும் இரண்டு பேரும் ஒவ்வொரு இணைப்பாக அறுத்து எடுத்து அந்த மேசைமேல் வரிசையாக வைத்தார்கள். பதினாலில் ஒன்பதைக் கையாலேயே உருவ முடிந்தது. மீதி ஐந்து கெட்டியாக நின்றன. ஏன் அந்த ஐந்து மட்டும் நின்றன என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

துணியெல்லாம் வேறு ஆஸ்பத்திரியின் சலவைக்கு வண்டியில் போயிற்று. பெண்கள் வீட்டுக்குப் போனார்கள். போகிறபோது நெட்டை மட்டும் குழாய்க்காரரின் பக்கத்தில் நின்று, "அண்ணே, காது நல்ல காதுதான். கண்ணையும் கொஞ்சம் வேலைக்கு வெச்சுக்கங்க" என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்கு நடந்தே போனார்கள். மருந்துக்கடை தாண்டி, பஸ் நிற்கிற இடம் தாண்டி, வீட்டுத் தெரு முனை வந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"என்னை மட்டும் கூப்பிட்டீங்களே."

"ஆமா."

"கண்ணாடிக்காரிக்கு மூணு பிள்ளைங்க."

"தெரியும்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அந்த நேரத்துல உன் தலை மட்டும்தான் தெரிஞ்சுது" என்றார். "அது நியாயம்னு சொல்லல."

வாசலில் பூட்டைத் திறக்கப் போனவள், சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"நானும் ஒரு அடி எடுத்து வெச்சுட்டேன்" என்றாள். "நீங்க மேல பாத்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. பேசாம வெளிய போயிடலாம்னு ஒரு அடி வெச்சேன். துணியோட அந்த முனைய அவ இறுக்கிப் பிடிச்சிருந்தா. என் கையில இழுத்துச்சு. அதான் நின்னேன். இல்லேன்னா போயிருப்பேன்."

அவள் கையிலிருந்த சாவியை வாங்கி அவரே கதவைத் திறந்தார். மறுநாள் காலையில் அவள் கண்ணாடிக்காரியின் வீட்டு வாசலில் போய் நின்று, உள்ளே கூப்பிடும்வரை காத்திருந்து, அந்த ஒரு அடியையும் அவளிடம் சொல்லிவிட்டாள். கண்ணாடிக்காரி என்ன பதில் சொன்னாள் என்பது அவர்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். ஆனால் மேசையில் அந்த ஜோடி மாறவில்லை, இது எனக்குத் தெரியும்.

அவ்வளவுதான், கண்ணுகளா. பிடித்த கையை இப்போது விடலாம். உங்கள் வீட்டுக் கூரையின் கீழே உட்காருகிறவர்கள், படுக்கிறவர்கள், சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் நிம்மதியாக இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீரும் வெந்நீரும் அதனதன் வழியில் ஒழுங்காக வந்து சேரட்டும். தப்பைத் தப்பென்று சொல்லும் ஒரு வாயும், அதைச் சொல்லவைக்கும் ஒரு மனசும் உங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் குறையாமல் இருக்கட்டும்.